மிக்ஸரில் நேராகச் செருகும் கிட்டாருக்கு எந்தப் பெடல்?

குமரி மாவட்டத்தில், கருங்கல் பக்கத்துத் தேவாலயம் ஒன்றில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்கிறார், திருவிழாக் காலத்தில் கானமேளாவுக்கும், அதாவது இன்னிசைக் கச்சேரிக்கும் போகிறார். ஆம்ப் கிடையாது, மிக்ஸரில்தான் செருகுகிறார். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் காம்பாக்ட் பெடல்களாக ஒவ்வொன்றாய் வாங்குவதா, எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய பிராசஸராக வாங்குவதா, பெடல் என்றால் எதை முதலில் வாங்குவது என்பது கேள்வி. கூட வாசிக்கிறவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்லிக் குழப்பிவிட்டார்களாம்.

தம்பி, அவர்கள் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தான் எதில் செருகி வாசிக்கிறாரோ அதை வைத்துச் சொல்கிறார். வீட்டில் நல்ல ஆம்ப் உள்ளவர் சொல்லும் பெடல் அந்த ஆம்பில் அருமையாகத்தான் கேட்கும். அதே பெடலை நீங்கள் மைக் செட்டுக்காரரின் மிக்ஸரில் செருகினால் டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டது போல இரையும். அதனால் எந்தப் பெடல் என்பதற்கு முன்னால், சத்தம் கடைசியில் எந்த ஸ்பீக்கர் வழியாக வெளியே வருகிறது, பெடலுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டையும் பார்த்துவிடுங்கள். நம் மாவட்டத்தில் மேடையில் வாசிக்கிற பெரும்பாலோருக்கு இந்த இரண்டில்தான் சிக்கல் இருக்கிறது.

முதலில் ஸ்பீக்கர். கிட்டார் ஆம்பில் இருக்கும் 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் வெளியே விடாது. சத்தத்தைக் கரகரப்பாகக் கடிக்க வைக்கும் ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் பெடல்களை வடிவமைத்தவர்கள் எல்லாரும் அந்த ஸ்பீக்கரை நம்பித்தான் வடிவமைத்தார்கள். பெடல் உண்டாக்கும் கூர்மையான இரைச்சலை ஸ்பீக்கரே வடிகட்டிவிடும். திருவிழா மைதானத்து பாக்ஸில் கூர்மையான சத்தத்துக்கென்றே ஹார்ன் இருக்கிறது, அது அந்த இரைச்சல் முழுவதையும் ஒன்று விடாமல் ஜனங்களின் காதுக்குக் கொண்டுபோகும். இரண்டாவது சங்கதி, கம்பியின் அதிர்வைப் பிடித்து அனுப்பும் கிட்டார் பிக்கப் சுமை தாங்காது. அதற்கு எதிரே 10 லட்சம் ஓம், அதாவது ஒரு மெகாஓம் அளவு உள்ளீடு இருக்க வேண்டும். மிக்ஸரின் லைன் இன்புட் பெரும்பாலும் 10,000, 20,000 ஓம்தான். கிட்டாரை நேராகச் செருகும்போது சத்தம் மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கக் காரணம் அதுதான். கிட்டாரையோ கம்பியையோ குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே உங்களுக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது ஓவர்டிரைவுக்குப் பின்னால் நிற்கப்போகும் பெட்டியை. ஆம்ப், ஸ்பீக்கர் இரண்டின் குணத்தையும் போலச் செய்யும் பெடல். இந்த வேலையைப் பெட்டிக்குள் அடக்கிப் பிரபலமாக்கியது டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப், 1989இல். அதே வழியில் வந்த, நம் கைக்கு எட்டும் விலையுள்ள பெடல் ஜோயோவின் அமெரிக்கன் சவுண்ட். லோ, மிட், ஹை என்று தனித்தனிக் குமிழ் இருப்பதால் மைக் செட்டுக்காரர் எப்படி வைத்திருந்தாலும் நாம் கொஞ்சம் சரிசெய்துகொள்ளலாம். டிரைவ் குமிழைக் குறைத்து வைத்து, சுத்தமான சத்தத்துக்கு இதை எப்போதும் ஆனிலேயே விட்டுவிடுங்கள். இதற்கு முன்னால் எந்த ஓவர்டிரைவ் வைத்தாலும் அது ஆம்பில் வாசிப்பது போலக் கேட்கும். கேப் சிமுலேட்டர் என்றே தனியாக வரும் சின்னப் பெட்டிகளும் நல்லவைதான், ஆனால் அவற்றில் ஆம்பின் குணம் இருக்கிறதா, ஸ்பீக்கரின் குணம் மட்டுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இதிலிருந்து மிக்ஸருக்கு 20, 30 மீட்டர் சாதாக் கம்பியை இழுக்கக் கூடாது. மேடையிலேயே ஒரு டி.ஐ. பாக்ஸ், அதாவது கிட்டார் சத்தத்தை மைக் கேபிளில் போக ஏற்றதாக மாற்றும் சின்னப் பெட்டி வைத்து அங்கிருந்து மைக் கேபிளில் அனுப்ப வேண்டும். மைக் செட்டுக்காரர்கள் பலரிடம் அது இருக்கும், கேட்டால் தருவார்கள். அதில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். மேடையில் உறுமல் கேட்டால் முதலில் அதைத் தட்டிப் பாருங்கள்.

பிராசஸரா, தனிப் பெடலா? கானமேளா மட்டும்தான் வாசிக்கிறீர்கள் என்றால் யோசிக்காமல் பிராசஸர் வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன். ஒரு ராத்திரியில் எண்பதுகளின் பாட்டும் இந்த வருடத்துப் பாட்டும் மாறிமாறி வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் வேண்டும். ஜூம் ஜி1 ஃபோர், பாஸ் நிறுவனத்தின் ஜிடி-1 மாதிரிப் பெட்டிகளில் ஆம்பும் ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கின்றன, மிக்ஸரில் செருகினால் முடிந்தது. ஆனால் உங்கள் பிரதான வேலை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. அதற்கு சுத்தமான சத்தம் ஒன்று, லேசாகக் கடிக்கிற சத்தம் ஒன்று, பின்னணியில் மிதக்கிற சத்தம் ஒன்று போதும். தனிப் பெடல் என்றால், பாட்டு நடுவில் போதகர் கை காட்டினால் குனிந்து ஒரு குமிழைத் திருப்பிவிடலாம், மெனுவுக்குள் தேட வேண்டியதில்லை. ஒரு பெடல் மேடையில் பழுதானால் அதைக் கழற்றிவிட்டு மிச்சத்தோடு வாசித்து முடிக்கலாம். அதோடு, ஒரு குமிழைத் திருப்பினால் ஒரு மாற்றம் என்று காது பழகுவதற்குத் தனிப் பெடல்தான் நல்ல வாத்தியார் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் உங்களுக்கு என் ஓட்டு காம்பாக்ட் பெடலுக்கு.

இனி ஓவர்டிரைவ். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பணம் அதிகம் வீணாவது இங்கேதான்.

பலரும் முதலில் வாங்குவது பாஸ் டிஎஸ்-1 டிஸ்டார்ஷன். 1978இலிருந்து வருகிற பெடல், உழைப்புக்குக் குறை சொல்ல முடியாது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது பிரமாதமாகவும் இருக்கும். காரணம், அதன் டோன் சர்க்யூட் நடு அலைவரிசையைக் குழித்து, பேஸையும் கூர்மையையும் தூக்கிக் கொடுக்கிறது. எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் பிக் மஃப் பெடலும் அப்படித்தான். ஆனால் மேடையில் கீழே பேஸ் கிட்டாரும் கீபோர்டுக்காரரின் இடது கையும் நிற்கின்றன, மேலே சிம்பலும் பாடகர்களின் குரலும் நிற்கின்றன. கிட்டாருக்கென்று மிஞ்சுவது அந்த நடுப்பகுதிதான், அதையும் பெடல் குழித்துவிட்டால் உங்கள் சோலோ யாருக்கும் கேட்காது. உடனே வால்யூமைக் கூட்டுவீர்கள், பாடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இபானெஸ் டியூப் ஸ்க்ரீமர் இதற்கு நேர் எதிர். டிஎஸ்808 என்ற முதல் வடிவம் 1979இல் வந்தது. அது பேஸைக் கொஞ்சம் வெட்டி, 720 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நடுப்பகுதியைத் தூக்குகிறது. தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். அதனால்தான் கடையில் இதை எடுத்து வாசித்துவிட்டுத் திரும்ப வைக்கிறவர்கள் அதிகம். முழுக் குழுவோடு வாசிக்கும்போதுதான் அதன் அருமை தெரியும், வால்யூமைக் கூட்டாமலே கிட்டார் முன்னால் வந்து நிற்கும். பாஸ் எஸ்டி-1, 1981இல் வந்தது, கிட்டத்தட்ட இதே குடும்பம். ஜோயோவின் விண்டேஜ் ஓவர்டிரைவ் டியூப் ஸ்க்ரீமர் சர்க்யூட்டைப் பின்பற்றிச் செய்தது, விலை குறைவு. இந்த மூன்றில் எது கிடைத்தாலும் எடுங்கள்.

டிரைவ் குமிழை 9 மணி நிலையில், லெவலை 2 மணி நிலையில், டோனை 11 மணியில் வைத்து ஆரம்பியுங்கள். அதாவது பெடலில் கடிப்பு குறைவு, தள்ளு அதிகம். அந்தத் தள்ளலில் பின்னால் நிற்கும் அமெரிக்கன் சவுண்ட் தானாகக் கொஞ்சம் கடிக்கும், ஆம்பை முறுக்கினால் கரகரக்கிற அந்தச் சத்தம் அங்கே பிறக்கும். அப்புறம் கிட்டாரின் வால்யூம் குமிழை 10லிருந்து 6க்கு இறக்கிப் பாருங்கள், பெடலை அணைக்காமலே சத்தம் தெளிந்துவிடும். இதைப் பழகிக்கொண்டால் இரண்டாவது ஓவர்டிரைவ் வாங்கும் ஆசை பாதி அடங்கிவிடும். எல்லாருக்கும் டிரைவை முழுக்கத் திருப்பிவிடத் தோன்றும். மேடைச் சத்தத்தில் அது கூழாகிவிடும், கார்டின் உள்சுரங்கள் பிரிந்து கேட்காது.

டிலே, அதாவது எதிரொலி தரும் பெடல், இரண்டாவது கட்டத்தில் வாங்கினால் போதும். டாப் டெம்போ, அதாவது காலால் தட்டித் தாளத்தைக் காட்டும் வசதி உள்ளதாகப் பாருங்கள். அது இல்லாவிட்டால் கணக்கு எளிது. 60,000ஐப் பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு அடிக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று வரும். 100 வேகம் என்றால் 600. அதன் முக்கால், 450இல் வைத்தால் ஆராதனைப் பாட்டுகளில் இன்று எல்லோரும் கேட்கிற அந்தத் துள்ளும் எதிரொலி கிடைக்கும். அனலாக் டிலே இனிமையானது, திரும்ப வரும் சத்தம் மங்கி மங்கிப் போகும். ஆனால் பலவற்றில் நேரம் 300 மில்லிசெகண்டோடு முடிந்துவிடுவதால், முதல் டிலேயாக டிஜிட்டலே உங்களுக்கு உதவும்.

பெரிய கூடத்தின் முழக்கத்தைத் தரும் ரிவெர்பை இப்போதைக்கு விடுங்கள். நம் ஊர்ப் பழைய தேவாலயங்களில் கூரை உயரம், சுவர் கனம், ஜன்னலில் திரை கிடையாது. கட்டடமே போதுமான ரிவெர்ப் தருகிறது. அதன் மேல் பெடல் ரிவெர்பையும் போட்டால் சொல்லும் சுரமும் கலங்கும். திறந்த மைதானத்தில்தான் அது தேவைப்படும், அங்கேயும் மிக்ஸரிலிருந்தே கொஞ்சம் கொடுத்துவிடுவார்கள். ஒரு கிட்டாரைப் பல கிட்டார் போலக் கேட்க வைக்கும் கோரஸ் எண்பதுகளின் சினிமாப் பாட்டு வாசிக்கிறவருக்கு அவசியம், மற்றவர்களுக்கு ஆசை. சுருதி பார்க்கும் டியூனர் கட்டாயம், ஆனால் பணம் போதாவிட்டால் கிட்டாரின் தலையில் மாட்டும் கிளிப் டியூனர் போதும்.

இரண்டாவது சிக்கல் கரண்ட் என்றேன். பெடல் உலகத்தின் பொது வழக்கம் 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகடிவ். கீபோர்டுகளின் அடாப்டர் முனை பல சமயம் அதே துளையில் பொருந்திவிடும். ஆனால் அவற்றில் பல 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். அவசரத்தில் அதை எடுத்துச் செருகினால் பெடல் அந்த இடத்திலேயே போய்விடலாம். உங்கள் அடாப்டரில் கலர் டேப் சுற்றி வையுங்கள், கீபோர்டுக்காரருக்கும் சொல்லி வையுங்கள்.

மில்லிஆம்ப் கணக்கையும் பாருங்கள். அனலாக் ஓவர்டிரைவ் பெரும்பாலும் 20க்குள் இழுக்கும், டிஜிட்டல் டிலே 50லிருந்து 150 வரை, சில அதற்கு மேலும். எல்லாவற்றையும் கூட்டி, அதைவிட அதிகம் தரும் சப்ளை வாங்க வேண்டும். சப்ளையின் திறன் அதிகமாக இருப்பதால் பெடலுக்கு ஆபத்தில்லை, தனக்கு வேண்டியதை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். ஆனால் வோல்ட் கூடக் கூடாது, பெடலின் மேல் எழுதியிருந்தாலொழிய. ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரியும் டெய்ஸி செயின் கம்பி, ஓவர்டிரைவ் மாதிரி அனலாக் பெடல்களுக்குப் போதும். அதில் டிஜிட்டல் பெடலைச் சேர்த்ததும் கீச்சென்று ஒரு மெல்லிய சத்தம் கிளம்பினால், டிலேக்கு மட்டும் தனி அடாப்டர் கொடுங்கள். ஒவ்வொரு முனையும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட ஐசோலேட்டட் சப்ளை எல்லாவற்றையும்விட நல்லது. அடுத்த சேமிப்பு அதற்குப் போகட்டும்.

திருவிழா மேடையில் இன்னொரு தொல்லை. ஜெனரேட்டர், சீரியல் லைட், மேடை விளக்கின் டிம்மர் எல்லாம் சேர்ந்து உறுமலைக் கிளப்பிவிடும். மேடையில் ஏறியதும் மைக் செட்டுக்காரரிடம், "அண்ணே, மிக்ஸர் இருக்கிற லைன்லேருந்தே கிட்டாருக்கு ஒரு பாயிண்ட் தாங்க" என்று கேட்டு வாங்குங்கள். விளக்கு லைனிலிருந்து எடுக்காதீர்கள். மிக்ஸரும் பெடலும் ஒரே இடத்தில் எர்த் ஆனால் பாதி உறுமல் போய்விடும். ஸ்ட்ராட் மாதிரி மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் உள்ள கிட்டார் என்றால் பிக்கப் மாற்றும் செலக்டரை 2 அல்லது 4இல் வையுங்கள். நடு பிக்கப் எதிர்ச்சுற்றாக இருக்கும் கிட்டார்களில் அந்த இரண்டு நிலையிலும் உறுமல் அடங்கும். எதுவும் சரிவராத மேடையில் ஓவர்டிரைவை பேட்டரியில் போட்டுவிடுங்கள், பேட்டரியைப் போல அமைதியான சப்ளை கிடையாது. நல்ல ஆல்கலைன் பேட்டரியில் ஓவர்டிரைவ் பல நிகழ்ச்சிகளுக்கு வரும். டிஜிட்டல் டிலேக்கு ஒரு சாயங்காலம் தாங்கினாலே அதிகம். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: இன்புட்டில் கம்பி செருகியிருக்கும்வரை, பெடல் அணைந்திருந்தாலும், பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் இன்புட் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள்.

ட்ரூ பைபாஸா, பஃபரா என்ற சண்டை உங்கள் காதில் விழுந்திருக்கும். அணைத்த பெடல் வெறும் கம்பி போலச் சத்தத்தை அப்படியே தாண்டவிடுவது ட்ரூ பைபாஸ், சத்தத்துக்கு வலுக்கொடுத்து அனுப்பும் சின்ன சர்க்யூட் பஃபர். கம்பி நீள நீள அதன் கெப்பாசிட்டன்ஸ் ஏறும், மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட். 6 மீட்டர் கம்பியும் நாலைந்து ட்ரூ பைபாஸ் பெடலும் அவற்றுக்கிடையே சின்னக் கம்பிகளும் சேர்ந்தால் கூர்மை குறைவது நிஜம். பாஸ் பெடல்களில் உள்ள பஃபர் அந்த இழப்பைத் தடுக்கிறது. இதில் இவ்வளவு சண்டைக்கு இடமே இல்லை, வரிசையில் ஒரு நல்ல பஃபர் இருந்தால் போதும். நான் சொன்னபடி அமெரிக்கன் சவுண்ட் எப்போதும் ஆனில் இருந்தால் அதுவே அந்த வேலையைச் செய்துவிடும். ஒரே விலக்கு, ஃபஸ் ஃபேஸ் மாதிரிப் பழைய வகை ஃபஸ், அதாவது கரடுமுரடாகக் கடிக்கும் பெடல். அதற்கு கிட்டார் நேராக வர வேண்டும், முன்னால் பஃபர் நின்றால் சத்தம் கெட்டுவிடும்.

வரிசை: கிட்டார், டியூனர், ஓவர்டிரைவ், அமெரிக்கன் சவுண்ட், டிலே, டி.ஐ. பாக்ஸ். டிலே கடைசியில் இருந்தால் கடித்த சத்தமே எதிரொலிக்கும். முன்னால் வைத்தால் எதிரொலிகள் எல்லாம் சேர்ந்து கடிபட்டு கலங்கலாகும். கலங்கல் பிடித்திருந்தால் அதையும் செய்யலாம், தடையில்லை.

மினி பெடல் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூயர், ஹோட்டோன் மாதிரி விரல் நீளப் பெட்டிகள் பஸ்ஸில் பையோடு போகிறவருக்கு வசதி. சத்தத்திலும் குறை இல்லை. ஆனால் பலவற்றில் பேட்டரிக்கு இடமே கிடையாது, ஜெனரேட்டர் மேடையில் நான் சொன்ன கடைசி வழி அடைபட்டுவிடும். அதைவிட முக்கியம், நாம் தேவாலயத்தில் வெறுங்காலோடு வாசிக்கிறோம். ஷூ போட்டு மிதிக்கிறவர்கள் எழுதும் விமர்சனங்களில் இது வராது. மினி பெடலின் சின்ன உலோக மிதி பொத்தானை வெறும் பெருவிரலால் அழுத்தினால் வலிக்கும், சரியாக அழுந்தாது, பெடல் சரிந்து ஒரு பக்கம் ஓடும். பாஸ் பெடலில் ரப்பர் பதித்த அகலமான மிதிபலகை, லேசாக வைத்தாலே மாறிவிடும். அந்த வடிவம் 1977இல் வந்தது, இன்றுவரை பெரிதாக மாறவே இல்லை. பாட்டு நடுவில் அடிக்கடி மிதிக்கும் ஓவர்டிரைவ் பாஸ் அளவில் இருக்கட்டும், ஒருமுறை ஆன் செய்து விட்டுவிடும் பெடல் மினியாக இருக்கட்டும். மினி வாங்கினால் மேலே மாட்டும் பிளாஸ்டிக் தொப்பியும் சேர்த்து வாங்குங்கள், பெடலை ஒரு பலகையில் வெல்க்ரோவால் ஒட்டிவிடுங்கள்.

ஜோயோ, நக்ஸ், மூயர் வகையோடு நின்றால் ஆம்ப் பெடல், ஓவர்டிரைவ், டியூனர், அடாப்டர், பேட்ச் கேபிள் எல்லாம் உங்கள் 15,000க்குள் அடங்கும். பாஸ் ஓவர்டிரைவ்தான் வேண்டும் என்றால் பணத்தில் கணிசமான பங்கு அதற்கே போகும், டியூனரைக் கிளிப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். கடைக்கு, அது நாகர்கோவிலோ திருவனந்தபுரமோ, உங்கள் கிட்டாரையே கொண்டுபோங்கள். கடையின் விலை உயர்ந்த ஆம்பில் செருகிக் காட்டுவார்கள். அது வேண்டாம், மிக்ஸரிலோ மானிட்டர் ஸ்பீக்கரிலோ போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய பெடல் வாங்குவதில் தப்பே இல்லை, இவை நீண்ட காலம் உழைக்கும் பொருள்கள். கடலோர ஊர்க்காரரிடமிருந்து வாங்கும்போது மட்டும் கூடுதலாகப் பாருங்கள். குளச்சல், முட்டம், மணக்குடிப் பக்கத்து உப்புக் காற்று ஜாக்கையும் பேட்டரி முனையையும் பச்சை பூக்க வைத்துவிடும். பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு குமிழையும் மெதுவாக முழுச்சுற்று திருப்பிக் கேளுங்கள். லேசாகக் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனரில் சரியாகும், ஒரே இடத்தில் சத்தம் நின்று வந்தால் குமிழ் மாற்ற வேண்டும். கம்பியைச் செருகியபடி ஜாக்கை ஆட்டிப் பாருங்கள். ரொம்பப் பழைய பாஸ் பெடலில் ஏசிஏ அடாப்டர் என்று எழுதியிருந்தால், அது பழைய 12 வோல்ட் அடாப்டருக்காகச் செய்தது, இன்றைய 9 வோல்ட் சப்ளையில் தனியாகப் போட்டால் அதன் சின்ன விளக்கு மங்கலாகத்தான் எரியும். அதைச் சொல்லி விலை பேசலாம்.

வாங்கிய பிறகு நம் ஊரில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரிலிருந்து இன்னொரு மழை. கோட்டாறு சவேரியார் திருவிழாவும் கிறிஸ்துமஸ் கேரலும் அந்த இரண்டாவது மழையில்தான் வரும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். மாதக்கணக்கில் எடுக்காத பெடலிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கடற்கரை மேடையில் வாசித்துவிட்டு வந்தால் அன்றைக்கே கேபிள் முனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள், வாரம் ஒருமுறை எல்லா ஜாக்கிலும் கேபிளைச் செருகி எடுங்கள், உராய்விலேயே அழுக்குப் படலம் போய்விடும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை உள்ளே அடிக்காதீர்கள், அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எலக்ட்ரானிக்ஸுக்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனர் மட்டும், அதுவும் கரண்டைப் பிடுங்கிவிட்டு, நன்றாகக் காயவிட்ட பிறகே திரும்ப ஆன் செய்யுங்கள்.